இல்லமும் இளஞ்சிறாரும்: அந்தித் தொழுகையிலிருந்து தொடங்குவோம்



சென்ற மார்கழியில் ஒரு நாள் பணி முடிந்து குடியிருப்புக்குத் திரும்பியதும், 7 வயது மகனிடம், "தம்பி, அஸர் தொழுதாயா?" என்று வினவினேன். "தொழுதேன் அத்தா" என்றான். முற்றத்திலிருந்த செம்பு உலர்ந்து கிடந்தது. அவன் கால்களிலோ விளையாட்டுப் புழுதி அப்படியே படிந்திருந்தது. அதட்டினேன், அழுதான். இரவில் தன் தாயிடம், "அத்தா சுபுஹுக்கு எழுவதே இல்லையே, அவரை யார் கேட்கிறார்கள்?" என்றானாம்.

இரவு முறை வேலை என்று எனக்கொரு சமாதானம் உண்டு. பிள்ளைக்கு அது எப்படி விளங்கும்? அவன் கண்டது போர்வைக்குள் கிடந்த தகப்பனைத்தான். பொய் சொல்ல அவனுக்குக் கற்பித்தவன் நானே என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பிள்ளைகளுக்கு 7 வயதில் தொழுகையை ஏவுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கண்டிப்பைப் பற்றிய பேச்சு 10 வயதில்தான் வருகிறது. இடைப்பட்ட 3 ஆண்டுகளும் பழக்கத்திற்கென்றே விடப்பட்டவை என நான் கொள்கிறேன். அப்பெருமானார் சஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, குழந்தையின் ஆசை தீரும்வரை தலையை உயர்த்தாதிருந்தார்கள். பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுததும் உண்டு. சஜ்தாவின்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். நாமோ தொழுகைப் பாயருகே குழந்தை வந்தாலே விரட்டுகிறோம்!

ஐந்து வேளையையும் ஒரே நாளில் சுமத்துவது வீண். மக்ரிபிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் அனுபவம். மூன்று ரக்அத்துகள்தாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அயல்வீட்டு அம்மாள் விளக்கேற்றும் வேளையில் பாங்கொலி கேட்கிறது. விளையாடி வந்த பிள்ளை எப்படியும் கைகால் கழுவத்தான் போகிறான். அதையே ஒளுவாக்கிவிட்டால் புதிய சுமை ஏதுமில்லை. முதலில் மணிக்கட்டு வரை கைகள். பிறகு வாய், மூக்கு, முகம். முழங்கை வரை கைகள். தலையையும் காதையும் ஈரக்கையால் தடவி, கடைசியில் கணுக்கால் வரை பாதங்கள். குதிகாலைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், கவனியுங்கள். தொழுத பின்பே சிற்றுண்டி, அதன் பின்பே பாடம் என்று வரிசை அமைந்துவிட்டால், நாளடைவில் நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஒன்று மறக்கலாகாது. இக்கரக்பூரில் சூரியன் நம் ஊரைவிட முந்தி எழுந்து முந்தி அடைகிறது. மார்கழித் தொடக்கத்தில் மாலை 5 மணியளவிலேயே மக்ரிபு வந்துவிடும். ஆட்டம் சூடு பிடித்திருக்கும் நேரம்! பாங்குக்குக் கால் மணி முன்பே மெல்ல அழைத்துவிடுதல் நலம். ஆனித் திங்களில் காலை 5 மணியளவில் உதயம். சுபுஹு அதற்கு முன்பே. அக்காலத்தில் சிறுவனை எழுப்பத் தொடங்கினால் வெறுப்பே மிஞ்சும். குளிர்காலத்தில் உதயம் 6 மணிக்குப் பின்னரே ஆதலின், சுபுஹைப் பழக்க அதுவே தக்க பருவம்.

இங்குள்ள பள்ளிவாசலில் பயான் உருதுவில் நடைபெறுகிறது. பிள்ளை கேட்கிறான், பொருள் அறியான். ஆகவே வீட்டில் தமிழில் கூற வேண்டிய கடமை நம்முடையது. அல்ஹம்து சூராவின் 7 வசனங்களை வாரத்திற்கு ஒன்றாகப் பொருள் சொல்லி வந்தேன். பின்னர் கவுஸர்; குர்ஆனில் மிகச் சிறிய சூரா, 3 வசனமே. உணவின்போது பிஸ்மியை நாமே சற்று உரக்கச் சொன்னால் போதும். தொழுகைக்குப் பின் துஆவைத் தமிழில் கேட்க விட்டேன். மாமா வீட்டு ஆடு இரட்டைக் குட்டி ஈன வேண்டும் என்று நெடுநேரம் வேண்டினான். நான் சிரிக்கவில்லை.

ஒரு வேளைக்கு ஐந்து ரூபாய் என்று மகனுக்குக் கொடுத்துவரும் நண்பர் ஒருவர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. பணம் நின்றால் பாயும் சுருண்டுவிடுமே.

இப்போது மக்ரிபு பெரும்பாலும் தவறுவதில்லை. அஸர் இன்னும் தவறுகிறது. சென்ற வாரம், "இன்று தொழவில்லை அத்தா" என்று அவனே வந்து கூறினான். வேளை இன்னும் கழியவில்லை. செம்பை எடுத்து வரச் சொன்னேன்; எனக்கும் ஒளு செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த இதழில், நோன்புக் காலத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகளைப் பற்றி எழுதுவேன்.