பேட்டரி வாங்கினால் டிரில் இலவசம்!

எங்க தெரு தச்சர் அண்ணன் 2023ல் ஒரு 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் வாங்கினார். இரண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். கரண்ட் வராத புது வீடுகளில் ஜன்னல் மாட்டுறவருக்கு அது தெய்வம் மாதிரி. இப்போ இரண்டு பேட்டரியும் அவுட். சார்ஜரில் சிவப்பு விளக்கு கண்ணடிக்குது. செஞ்சியில் கிடைக்காமல் திண்டிவனம் போய்க் கேட்டால், ஒரு பேட்டரி 4,200!

காமர்ஸ் படிக்கிறவன் சும்மா இருப்பானா? இரண்டு பேட்டரி 8,400. அப்போ டிரில், சார்ஜர், பெட்டி மூணும் சேர்த்தே 2,600தானா? ரேசரை மலிவா கொடுத்து பிளேடில் கறக்கிற அதே பழைய வித்தை. மார்க்கெட்டிங் பேப்பரில் இதுக்கு அஞ்சு மார்க், அண்ணனுக்கு ஒரு வாரக் கூலி காலி.

பேட்டரிக்குள்ளே அப்படி என்னதான் ரகசியம்? பெரும்பாலும் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளத்தில் 3.6 வோல்ட் செல் அஞ்சு. (சிலர் 20 வோல்ட்னு போடுறதும் இதே அஞ்சுதான். முழு சார்ஜில் அளந்து எழுதிக்கிறாங்க.) செல் பல கம்பெனிக்கும் ஒரே அளவு, மாட்டுற பிளாஸ்டிக் காடி வேற வேற. ஒண்ணோடது இன்னொண்ணில் பொதுவா ஏறாது. அஞ்சில் ஒரு செல் செத்தாலும் பேட்டரி மொத்தமும் படுத்துடும், நல்லா இருக்கிற நாலும் சேர்ந்து குப்பைக்கு. லித்தியத்துக்குச் சூடு வேற ஆகாது. எங்க ஊர் மே மாசம் எப்படின்னு ராஜகிரி ஏறினவங்களைக் கேளுங்க.

“கண்டவன் பிரிச்சா தீப்பிடிக்கும்”னு கம்பெனி சொல்லும். உண்மைதான், பழைய செல்லோடு புதுசைச் சேர்க்கிறது ஆபத்து. அப்போ நீங்களே செல்லை மாத்திக் கொடுங்களேன்! அதுக்கு மட்டும் வாய் திறக்க மாட்டாங்க.

நம்ம நாட்டு 2022 பேட்டரி கழிவு விதிகள் செத்த பேட்டரியைத் திரும்ப எடுக்கச் சொல்லுது. புதுசை என்ன விலைக்கு, எத்தனை வருஷம் விக்கணும்னு கேட்கலை. ஐரோப்பாவின் 2023 சட்டம் கேட்குது. 2027 பிப்ரவரி 18 முதல், மாடலை நிறுத்தின பிறகும் அஞ்சு வருஷம் நியாயமான விலைக்குப் பேட்டரி கிடைக்கணும். பொருந்துற வேற பேட்டரியை சாஃப்ட்வேர் வச்சுத் தடுக்கக் கூடாது. இதே கம்பெனிகள்தானே அங்கேயும் விக்குது? அங்கே முடியும்னா இங்கே ஏன் முடியாது?

அண்ணன் இப்போ பக்கத்து வீட்டில் கரண்ட் கேட்டு, ஒயர் இழுத்து வேலை பார்க்கிறார். அவர் அப்பா காலத்து டிரில். கார்பன் பிரஷ் தேஞ்சா மாத்துவார், மறுபடி ஓடும்.