சிங்கப்பூர்க் கட்டட வேலை: கடுதாசியில் உள்ள சம்பளத்தைப் பாருங்கள்

"சிங்கப்பூரிலே கட்டட வேலை குவிந்து கிடக்கிறது" என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்வது பொய்யல்ல. 2025ஆம் ஆண்டுக்கு மட்டும் 4700 கோடி முதல் 5300 கோடி வெள்ளி வரையிலான கட்டுமான ஒப்பந்தங்களை அந்நாட்டு அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். சிங்கப்பூர் டொலரைத்தான் அங்கே வெள்ளி என்பார்கள். சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனைய வேலையும் அந்த வருஷம் மே மாதம் தொடங்கியது. கட்டடம், கப்பல் தளம், இரசாயன ஆலை ஆகிய துறைகளில் 2024 முடிவில் நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா என்கிற லிட்டில் இந்தியா முழுக்க அவர்கள் கூட்டந்தான்.

வேலை பெருகினால் கூலியும் பெருக வேண்டாமா? அங்கேதான் சிக்கல். நமக்குச் சம்பள நிர்ணய சபை என்று ஒன்று இருக்கிறது. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாவானது அதன் வழியாகத்தான். போதாது என்று சண்டை போடவாவது ஓர் இடம் உண்டு. சிங்கப்பூரிலே வெளிநாட்டுக் கட்டடத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே கிடையாது. 2024 ஜனவரியில் வந்த விதிப்படி, நம்மைப் போன்ற நாட்டவர் ஒருவருக்கு முதலாளி மாதம் 500 வெள்ளி அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். தேர்ச்சி குறைந்தவர் என்றால் 900. அதில் ஒரு சதமும் தொழிலாளி கைக்கு வராது.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். "மாசம் 800 வெள்ளி" என்பார்கள். அது முழுவதும் அடிப்படைச் சம்பளமா, அல்லது 500 சம்பளமும் 300 அலவன்சுமா? ஓவர்டைம் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கணக்குப் போடுவது அடிப்படைச் சம்பளத்தை வைத்து மட்டுமே. 800 என்றால் மணிக்கு 6 வெள்ளி 29 சதம். 500 என்றால் 3 வெள்ளி 93 சதம். மாதத்துக்கு 72 மணி ஓவர்டைம் செய்தால் வித்தியாசம் ஏறக்குறைய 170 வெள்ளி! உழைப்பு ஒன்றுதான், காசு இரண்டு.

நம் பாட்டன்மார் காலத்துத் துண்டு முறை நினைவிருக்கிறதா? கங்காணிக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அது ஒழிந்தது. நகையை அடகு வைத்து ஏஜென்சிக்குக் கொடுக்கிற காசு அதே துண்டைத் திரும்பக் கொண்டு வருகிறது. கடன் தலைக்கு மேல் இருக்கும்போது சம்பளம் குறைந்தாலும் யார் வாய் திறப்பார்?

பிள்ளையை அனுப்பும் தாய் தகப்பன்மாரே! சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பிறகே காசைக் கொடுங்கள். அடிப்படைச் சம்பளம், அலவன்சு, பிடிப்புக் காசு எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல் அந்தச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. பாக்கி இருந்தால் ஒரு வருஷத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி லயத்து வீட்டிலும் இருக்கட்டும்.