தாயும் மகனும் ஒரே பதிவா?

தெலுக் பங்லிமா காராங்கில் தனியாக வாழும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். மகன் கல்யாணமாகி பூச்சோங்கில் வாடகை வீட்டில் இருக்கிறார். மகனின் மைகாட் அடையாள அட்டையில் இன்னும் அம்மா வீட்டு முகவரிதான். அம்மாவிடம் கைப்பேசி இல்லை. பாரங்களிலெல்லாம் மகனின் எண்தான். முகவரியும் எண்ணும் ஒன்றானால் கணினி இருவரையும் ஒரே குடும்பப் பதிவாக முடிச்சுப் போட்டுவிடலாம். உதவி கேட்டுப் போனால், "உங்க பையன் சம்பாதிக்கிறாரே அம்மா" என்ற பதில் வரலாம்.

இது சின்ன விஷயமல்ல. மலேசிய அரசாங்கத்தின் ஏழைகள் பெயர்ப்பட்டியலான இ-காசே, குடும்ப வருமானத்தைப் பார்த்தே வறுமையை அளக்கிறது. 980 ரிங்கிட்டாக இருந்த மாத வறுமைக்கோடு 2020இல் 2,208 ரிங்கிட்டாக உயர்ந்தது. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் மகனின் சம்பளம் ஒன்றே அதைத் தாண்டிவிடலாம். தாயின் வறுமை அந்தக் கணக்கில் காணாமல் போகும். 2024 ஜனவரி 2இல் தொடங்கிய 'பாடு' முதன்மைத் தரவுத்தளமும் குடும்ப விவரங்களைச் சேகரித்தது. உதவித்தொகைகள் தகுதி பார்த்துத் தரப்படும் காலத்தில், ஒரு தவறான பதிவு ஒரு வீட்டு அடுப்பையே பாதிக்கும்.

இரண்டு பதிவுகளை இணைப்பது எளிது, பிரிப்பதுதான் பெரும்பாடு. இணைக்கும்போது பழைய பதிவுகளைத் தனியே வைக்காவிட்டால், எந்த வங்கிக் கணக்கு யாருடையது, எந்த உதவி யாருக்குப் போனது என்று பின்னால் சொல்ல முடியாது. ஓர் அலுவலகத்தில் திருத்தினாலும், இன்னோர் அலுவலகத்தின் நகலில் பழைய தவறு அப்படியே நிற்கும். பந்திங்குக்கும் கிள்ளானுக்குமாக அலைவது முதியவர்தான்.

தீர்வு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மைகாட் எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. தாய்க்கும் மகனுக்கும் அந்த எண் ஒருபோதும் ஒன்றாகாது. ஆளை அந்த எண்ணால் மட்டுமே அடையாளம் காணவேண்டும். முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சாட்சியாக எடுக்கக்கூடாது. பெற்றோர்-பிள்ளை உறவு பிறப்புப் பத்திரத்திலேயே இருக்கிறது. அதை இரு பதிவுகளுக்கு இடையிலான தொடர்பாக வைத்தால் போதும். இருவரையும் ஒரே பதிவாக்கத் தேவையில்லை. பிள்ளை தனிக்குடித்தனம் போன தேதியும் பதிவில் ஏறவேண்டும். தவறாக இணைந்த பதிவுகளைப் பிரித்துத் தர ஒரே முகப்பு, அதற்கொரு கெடு, விடுபட்ட உதவியைப் பின்தேதியிட்டுத் தரும் விதி ஆகியவையும் வேண்டும். நடமாடும் முகப்பு கோயில் மண்டபம் வரை வந்தால், எழுத்தறியாத பாட்டிமாருக்கும் வழி பிறக்கும்.

நம் பங்கும் உண்டு. வீடு மாறினால் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்றிவிடுங்கள். இந்த வாரமே அம்மாவின் பதிவு எப்படி இருக்கிறது என்று அவரை அழைத்துப் போய்ப் பாருங்கள். அரசாங்கமும் நம் கோல லங்காட் வட்டார மக்கள் பிரதிநிதிகளும் மற்றதைச் செய்யட்டும். மகன் சம்பளம் வாங்குகிறார் என்பதற்காகத் தாய் பட்டினி கிடக்கக்கூடாது.