கடித்த நாயும் காலனிக்கு வராத பஸ்ஸும்

2025 ஆகஸ்ட் மாதம் டெல்லித் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பதினோரு நாள் கழித்து அதைத் திருத்தி இன்னொரு உத்தரவு வந்தது. பிடித்த நாய்களைத் தெருவில் விடவே கூடாது என்றது முதல் உத்தரவு. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது இரண்டாவது. அந்த மாதம் முழுக்கத் தொலைக்காட்சி விவாதங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்காரர் வந்தார், நாய் ஆர்வலர் வந்தார், வழக்கறிஞர் வந்தார். காலனியிலிருந்து யாரையும் அழைத்ததாக எனக்கு நினைவில்லை.

அழைத்திருந்தால் அவர் ஒரு எளிய கேள்வியைக் கேட்டிருப்பார்: ஊரின் நாய்கள் ஏன் எங்கள் தெருவில் கூடுகின்றன? பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பல கிராமங்களில் குப்பை கொட்டும் இடம் காலனிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. கோழிக்கடைக் கழிவும், கல்யாண மண்டபத்து எச்சில் இலையும், செத்த ஆடு மாடும் அங்கேதான் வந்து விழுகின்றன. தீனி இருக்கும் இடத்தில் நாய் இருக்கும். அதே வழியில்தான் பிள்ளைகள் அங்கன்வாடிக்கு நடக்கிறார்கள். விடியும் முன்பே கரும்பு வெட்டுக்குக் கிளம்பும் ஆட்களும், கழிப்பறை இல்லாததால் இருட்டில் வெளியே போகும் பெண்களும் அந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தெருவிளக்கு கேட்டு மனு கொடுத்தால், அடுத்த நிதி வரட்டும் என்பார்கள்.

ஒன்றிய அரசின் கணக்குப்படி 2024இல் நாடு முழுவதும் சுமார் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம். அந்த ஆண்டு இங்கே ரேபிஸ் நோயால் இறந்தவர்கள் 40 பேருக்கு மேல். நாடு முழுவதற்குமான சாவுக் கணக்காக அரசு சொன்னது வெறும் 54. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் இறப்பதாக மதிப்பிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய மதிப்பீடு 18,000 முதல் 20,000 வரை போனது. இவ்வளவு இடைவெளி ஏன்? இந்த நோய் வந்தவரைப் பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிடுவார்கள். திண்ணையிலும் மாட்டுக் கொட்டகையிலும் நடக்கும் சாவை எந்தப் பதிவேடும் எழுதிக்கொள்வதில்லை.

என் பெரியப்பா அப்படித்தான் போனார். அப்போது தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடும் காலம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. தென்னிந்தியாவில் அதைத் தயாரித்த பெயர்பெற்ற இடம், 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம். தினம் ஒன்றாக, வரிசையாகப் போட வேண்டும். பெரியப்பா ஆறு ஊசியோடு நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். பஸ்ஸுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்து ஊர்த்தெருவுக்கு வர வேண்டும். ஊசி போட்ட நாளில் கூலி கிடையாது. அது நடவு நேரம், ஆண்டையிடம் வாங்கிய முன்பணமும் இருந்தது. "வலி போயிடுச்சு, புண்ணும் ஆறிடுச்சு, இனி எதுக்கு?" என்றார். இரண்டு மாதம் கழித்து ஆறிப்போன அந்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று சொன்னபோது யாருக்கும் எதுவும் புரியவில்லை.

அந்த இரண்டு மாதமும் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை நான் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ரேபிஸ் வைரஸ், நோயுற்ற விலங்கின் எச்சிலில் இருக்கிறது. கடி, நகக்கீறல், புண்மேல் படும் எச்சில், கண்ணிலோ வாயிலோ தெறிக்கும் எச்சில் ஆகியவற்றின் வழியே உள்ளே வரும். வந்ததும் ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. கடிபட்ட தசையில் தங்கி, அங்குள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி நகர்கிறது. ஒரு நாளில் சில சென்டிமீட்டர்தான் போகும். அதனால்தான் பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சிலருக்கு ஒரு வாரத்திலும், அபூர்வமாக ஓராண்டு கழித்தும் வரலாம். முகம், தலை, கைவிரல்களில் கடிபட்டால் சீக்கிரம் வரும். சிறு பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. வெறி பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்கிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வைரஸ் மெதுவாக நகரும் இந்தக் காலம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. தடுப்பூசி போட்ட உடம்பு, வைரஸ் நரம்பில் ஏறி மூளையை எட்டுமுன் எதிர்ப்பாற்றலைத் தயாரித்துவிடும். 1885இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு ஊசி போட்டதும் இதை நம்பித்தான். அறிகுறி வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. பிழைத்தவர்கள் உலகம் முழுவதும் சேர்த்து விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

எனவே கடித்த முதல் மணி நேரம் முக்கியம். முதல் வேலை கழுவுவது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதை உடைக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில் பதினைந்து நிமிட ஓடும் தண்ணீர் என்பது பெரிய பேச்சுதான். எனக்குத் தெரியும். குடத்துத் தண்ணீரை ஒருவர் மெல்ல ஊற்ற, இன்னொருவர் சோப்புப் போட்டுக் கழுவலாம். துணி சோப்பானாலும் சரி. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் வைக்க வேண்டாம். காசை வைத்துக் கட்டுவதும் வேண்டாம். மந்திரிப்பவரிடம் போக நினைப்பவர்கள் ஊசி போட்ட பிறகு போகட்டும், நான் தடுக்கவில்லை.

அடுத்தது தடுப்பூசி. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இது இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை 2005ஆம் ஆண்டு வாக்கிலேயே நாட்டில் கைவிட்டுவிட்டார்கள். இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடுகிறார்கள். இரண்டு புஜங்களிலும் சிறு துளியாகப் போடுவார்கள். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை. தசையில் போடுவதானால் 14ஆம் நாளையும் சேர்த்து ஐந்து முறை. பத்தியம் கிடையாது. கறி, மீன், முட்டை சாப்பிடலாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்கும் போடலாம். நடுவில் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போக நேர்ந்தால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊர் அரசு மருத்துவமனையில் மீதி ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, உடனே போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏற்கெனவே முழுதாகப் போட்டவரை மறுபடி நாய் கடித்தால் முதல் நாள், 3ஆம் நாள் என இரண்டு முறை போதும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். தடுப்பூசி போட்டாலும் உடம்பு எதிர்ப்பாற்றலை உண்டாக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். ஆழமான கடியிலும், முகத்துக் கடியிலும் அந்த இடைவெளியில் வைரஸ் முந்திவிடலாம். அதற்காகத்தான் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்து இருக்கிறது. இது ஏற்கெனவே தயாரான எதிர்ப்புப் பொருள். புண்ணுக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த எந்தக் கடிக்கும், கீறலுக்கும் இது தேவை. முதல் நாளே போடுவது நல்லது, முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளைத் தாண்டினால் பயனில்லை. தடுப்பூசி போட்டும் இறந்தார் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்த மருந்து போட்டார்களா என்பதைத்தான். பெரும்பாலும் செய்தியில் அது இருக்காது.

ஏனென்றால் இந்த மருந்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைப்பதில்லை. தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள். ஒரு முறை எங்கள் தெருப் பையனை அழைத்துக்கொண்டு நான் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். கன்னத்தில் கடி. "சின்னக் கீறல்தானே, ஊசி போட்டாச்சு, போங்க" என்றார் பணியில் இருந்தவர். இம்யூனோகுளோபுலின் என்ற பெயரை நான் சொன்ன பிறகுதான் "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மருந்து உள்ளேயே இருந்தது. பெயர் தெரியாத தாய் ஒருத்தி அந்தப் பையனை அப்படியே வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பாள். ஆகவே படித்த பிள்ளைகள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்யுங்கள். "இம்யூனோகுளோபுலின் போட்டாச்சா? சீட்டில் எழுதுங்க" என்று கேளுங்கள். இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அங்கே அனுப்பும் கடிதத்தையும் வாங்குங்கள். தனியாரிடம் போனால் இதற்கே பல ஆயிரம் ரூபாய் ஆகலாம்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான். நாயின் எச்சிலில் வைரஸ் இருந்தால் பத்து நாளுக்குள் அது நோயுற்றுச் செத்துவிடும். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். நாய் காணாமல் போனாலோ செத்தாலோ எல்லா ஊசியையும் முடித்தாக வேண்டும். ஊர்த்தெருப் பெரியவர் வீட்டு நாய் கடித்தால், கேட்கப் போனால் தகராறு ஆகும் என்று பேசாமல் இருந்துவிடுவதும் நடக்கிறது. நாயைப் பற்றிக் கேட்க முடியாவிட்டால் பரவாயில்லை, ஊசி போட யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நாய் மட்டுமல்ல. பூனை, குரங்கு, கீரி ஆகியவற்றாலும் வரும். மாட்டுக்கும் வரும் என்பதைச் சொல்லியாக வேண்டும். வெறிநாய் கடித்த மாடு தீனி எடுக்காது, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து மாடு மேய்ப்பவர் வாய்க்குள் கைவிடுவார். கையில் ஒரு சிறு வெட்டு இருந்தாலும் ஆபத்துதான். அப்படிச் செத்த மாட்டைத் தூக்கவும் தோலுரிக்கவும் யாரை அழைக்கிறார்கள் என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூளையும் எச்சிலும் கையில் படுகிற வேலை அது. செத்த விலங்கை அப்புறப்படுத்தும்படி பட்டியல் சாதியினரைச் செய்ய வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்படி குற்றம். 3(1)(i) என்ற பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நோயில் செத்த மாட்டை உரிக்காமல் ஆழக் குழிதோண்டிப் புதைப்பது ஊராட்சியின் பொறுப்பு. ஏற்கெனவே கைவைத்தவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தூய்மைக் காவலர்களின் நிலை இன்னும் மோசம். நாய்கள் மேயும் அதே குப்பையில்தான் அவர்கள் கை வைக்கிறார்கள். செத்த நாயை எடுப்பதும் அவர்களே. கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் முன்தடுப்பு ஊசி என்று ஒன்று உண்டு. கால்நடை மருத்துவர்களுக்கும் நாய் பிடிப்பவர்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். தூய்மைப் பணியாளர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல் போட வேண்டும். கையுறையையே ஒழுங்காகத் தராதவர்கள் இதைத் தருவார்களா என்று கேட்கலாம். கேட்காமல் கையுறையும் வரவில்லை.

நோய் முற்றியவரைப் பற்றியும் சில வார்த்தைகள். தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகும், காற்றுப் பட்டாலும் உடல் துடிக்கும். ஐந்தில் ஒருவருக்கு இந்த ஆவேசம் இல்லாமல் கைகால் விளங்காமல் போகும், அதை வேறு நோய் என்று நினைத்துவிடுவார்கள். அவர் நாயாக மாறுவதில்லை, குரைப்பதுமில்லை. தொண்டைத் தசை இறுகுவதால் வரும் சத்தம்தான் அது. சங்கிலி வேண்டாம். வெளிச்சமும் சந்தடியும் குறைந்த அறையும், வேதனையைத் தணித்து மயக்கத்தில் வைக்கும் மருந்தும் வேண்டும். அதை மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டும். பராமரிப்பவர்கள் கையுறை, முகக்கவசம் அணிந்து கொள்ளலாம். எச்சில் புண்ணிலோ கண்ணிலோ பட்டால் அவர்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தொடுவதால் தொற்றாது. என் பெரியப்பாவைக் கொட்டகைத் தூணில் கட்டித்தான் வைத்திருந்தார்கள். கடைசி இரண்டு நாள் பெரியம்மாவைக்கூட அருகில் விடவில்லை.

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் அங்கே இந்த நோய் பரவுவது நிற்கும் என்கிறார்கள் வல்லுநர்கள். நாயால் பரவும் ரேபிஸை 2030க்குள் ஒழிப்பதாக ஒன்றிய அரசு 2021இல் திட்டம் வெளியிட்டது. தடுப்பூசி முகாம் வருகிறது என்று தண்டோராவோ வாட்ஸ்அப் செய்தியோ ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறது. முகாம் நடப்பதும் அங்கேதான். காலனி நாய்க்கும் காட்டு நாய்க்கும் கயிறு போட்டு அழைத்து வர ஆளில்லை. அடுத்த கிராம சபையில் வைக்க நான்கு கோரிக்கைகள் எங்கள் தெருப் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள்: குப்பைக் கிடங்கை வழியிலிருந்து மாற்றுவது, கோழிக்கடைக் கழிவைக் கொட்டுபவருக்கு அபராதம், தடுப்பூசி முகாமைக் காலனியிலும் நடத்துவது, அங்கன்வாடி வழியில் மூன்று தெருவிளக்குகள். போன முறை தீர்மானப் பதிவேட்டில் விளக்கு மட்டும் எழுதப்படாமல் விடுபட்டுவிட்டது. இந்த முறை கையெழுத்துப் போடுமுன் பதிவேட்டை வாங்கிப் படித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.