சென்னை மழை பினாங்குக்குச் சொல்லும் பாடம்

ஆண்டிறுதி விடுமுறை என்றதும் நம்மில் பலர் சென்னைக்குப் புறப்படுகிறோம். மும்பைக்கு மழை தருவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. சென்னைக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். நம் விடுமுறையும் அந்த மழையும் ஒன்றாகவே வருகின்றன.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர, அடையாறு கரைபுரண்டது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது. நிலையம் பல நாள் மூடப்பட்டது.

சென்ற டிசம்பரில் சென்னை சென்ற நான், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் பார்த்தேன். மழைநீரைத் தேக்கிவைக்கும் அந்த நிலத்தைக் கட்டடங்களும் சாலைகளும் குப்பைக் கிடங்கும் சுருக்கிவிட்டன. 2022இல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது ஓர் ஆறுதல்.

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கும் வெள்ளத்தில் மூழ்கியது, உயிர்களையும் இழந்தோம். மலைச்சரிவு மேம்பாட்டுத் திட்டங்கள் குறித்து அப்போது கேள்விகள் எழுந்தன.

மழையைத் தடுக்க நம்மால் முடியாது. ஆனால், நீருக்குரிய இடத்தை நீருக்கே விட்டுவைக்க முடியும். நாளைய பொறியாளர்களும் நகரத் திட்டமிடுவோரும் நாம்தான், மாணவர்களே!