தினம் 27 மணி நேரம் விளையாடணுமாம்!

பார்க்ல பசங்க தள்ளிவிட்டு ஓடி ஏறிக்குவாங்களே, அந்த ராட்டினம்தான். அவங்க சுத்தச் சுத்த, போர்வெல் தண்ணி மேலேறி டேங்க்ல நிறையும். டேங்க்கைச் சுத்தி விளம்பரப் பலகை. அதுல வர்ற காசுல மெயின்டனன்ஸ். பேரு ‘ப்ளேபம்ப்’, ஊரு தென்னாப்பிரிக்கா. கேட்கவே ஜாலியா இருக்குல்ல?

உலக வங்கிக்கும் அப்படித்தான் இருந்தது. 2000-ல் பரிசு கொடுத்தது. 2006-ல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ், கிளிண்டன் நடத்திய மாநாட்டு மேடையிலேயே 1 கோடியே 64 லட்சம் டாலர் திட்டத்தை அறிவித்தார். அமெரிக்க அரசுப் பணமும், கேஸ் அறக்கட்டளை போன்றவர்களின் பணமும் சேர்ந்தது. 2010-க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 பம்ப், 1 கோடி பேருக்குக் குடிநீர். இதுதான் டார்கெட்.

கால்குலேட்டரை எடுங்க பாஸ். 1 கோடியை 4,000-ஆல் வகுத்தா, ஒரு பம்புக்கு 2,500 பேர். ஆளுக்கு தினம் 15 லிட்டர்னு வெச்சா (முகாம்களில் தருகிற குறைந்தபட்ச அளவே இதுதான்) 37,500 லிட்டர். பம்ப் இறைப்பதோ, அவங்களே சொன்னபடி, மணிக்கு 1,400 லிட்டர். அப்போ பசங்க தினமும் 27 மணி நேரம் சுத்தணும்! ஸ்கூல், தூக்கம் எல்லாம் கட். லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை 2009-ல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. கோடிகளைக் கையெழுத்து போட்டுக் கொடுத்தவங்க ஏன் முன்னாடியே போடலை?

பசங்க இல்லாத நேரத்தில் அந்தச் சக்கரத்தைக் குனிந்து தள்ளியது ஊர்ப் பெண்கள், அதுல வயசானவங்களும் உண்டு. கிராமத்து டேங்க்ல விளம்பரம் கொடுக்க எந்தக் கம்பெனி வரும்? ரிப்பேர் ஆனா மாசக்கணக்கில் காத்திருப்பு. கடுப்பான விஷயம், சில ஊர்களில் நல்லா ஓடிக்கிட்டிருந்த அடிபம்பைக் கழட்டிட்டு இதை மாட்டியிருக்காங்க. ஒரு ப்ளேபம்ப் விலை சுமார் 14,000 டாலர். அந்தக் காசுக்கு சாதாரண பம்ப் நாலு போடலாம்.

அடிபம்புன்னா மட்டம் இல்லீங்க. நம்ம ஊர் தெருமுனையில நிக்குதே ‘இந்தியா மார்க் 2’, அதை 1970-களில் யுனிசெஃப் உதவியோட உருவாக்கி, கோயம்புத்தூர் பக்கம் போர்வெல்களில் மாட்டி டெஸ்ட் பண்ணி, அப்புறம்தான் சென்னை ஃபேக்டரியில் தயாரிப்பை ஆரம்பிச்சாங்க. ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கு. அதுவும் வெளிநாட்டு உதவிப் பணம்தான். ஆனா முதல்ல சோதனை, அப்புறம்தான் ஆர்டர்.

கடைக்காரர் ஓட்டை பக்கெட் கொடுத்தா நாம சண்டை போடுவோம். இங்கே வாங்கியவர் வாஷிங்டன்ல, தண்ணி பிடிப்பவர் மொசாம்பிக்ல. யார் யாரோட சண்டை போடுறது? ‘இத்தனை பம்ப் மாட்டினோம்’னு ரிப்போர்ட் எழுதினா வேலை முடிஞ்சது. எத்தனை குடம் நிறைஞ்சதுன்னு எண்ணுறதுக்கு ஆள் கிடையாது.

ஒண்ணை மட்டும் பாராட்டணும். 2010-ல் அறக்கட்டளைத் தலைவர் ஜீன் கேஸ், திட்டம் சொன்னதைச் செய்யலைன்னு பகிரங்கமா எழுதினார். மிச்சமிருந்த பம்புகளை வேறொரு தண்ணீர் அமைப்பிடம் ஒப்படைச்சாங்க. அடிபம்பு உட்பட பல வகைகளில் இதுவும் ஒண்ணுன்னு காட்டி, எது வேணும்னு ஊர்க்காரங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் அப்போ அவங்க ஏற்பாடா இருந்தது.