நிறத்தைக் கேட்கும் படிவம், கோடெக்கைக் கேட்பதில்லை

பாரதிய சாட்சிய அதினியம் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, அது வக்கீல்கள் பாடு என்றுதான் நம் கேமராத் தொழிலில் பேச்சு. இப்போது மின்னணுச் சான்றுக்கான அதன் 63(4) சான்றிதழ் கேமரா மாட்டிக் கொடுத்தவரின் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கம்பெனியில் திருட்டு நடக்கிறது. காட்சியை எடுத்து ஹாஷ் போட்டு ஸ்டேஷனில் கொடுக்கிறோம். "இது எங்க சிஸ்டத்துல ஓடல, ஏவிஐயா மாத்திக் குடுங்க" என்று திரும்பி வருகிறது. மாற்றினால் கோப்பு வீங்குகிறது, ஹாஷும் வேறாகிவிடுகிறது. இனி எதற்குக் கையெழுத்துப் போடுவது என்பதுதான் கேள்வி. இந்த இதழின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: டிவிஆர் தந்த மூலக் கோப்புக்கு மட்டும் போடுங்கள்.

வீக்கத்தின் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் கேட்கிறவர்களுக்கு விளக்க வேண்டியிருப்பதால் ஒருமுறை பார்த்துவிடலாம். ராத்திரி பூட்டிக் கிடக்கும் துணிக் குடோனில் ஹெச்.265 ஸ்மார்ட் கோடெக் 512 கேபிபிஎஸ்ஸிலேயே ஓடிவிடும். ஒரு மணி நேரத்துக்கு 230 எம்பி. அசையாத துணிக் கட்டுகளையும் சுவரையும் திரும்பத் திரும்ப எழுத அதற்கு அவசியமில்லை. அதையே கன்வெர்ட்டரின் முன்னிருப்பு அமைப்பில் 8 எம்பிபிஎஸ் நிலையான பிட்ரேட்டுக்கு மாற்றினால் 3.6 ஜிபி. எம் சைஸ் பனியனை எக்ஸ்எல் பெட்டியில் போட்டதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. மோஷன் ஜேபெக் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம். 15 எஃப்பிஎஸ்ஸை 25 ஆக்கினால் இல்லாத ஃபிரேம்களுக்கும் இடம் போகும். முதல் சுருக்கத்தில் விழுந்த கட்டம் கட்டமான பிசிறையும் ஐஆர் இரைச்சலையும் இரண்டாவது என்கோடர் நுணுக்கமான விவரம் என்று நம்பிப் பத்திரப்படுத்துவது இன்னொரு கூத்து.

நம் பனியன் ஊருக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. நிட்டிங் ஷெட்டில் மெஷின் மேலேயே ஃபேன் சுற்றுகிறது, லென்ஸ் முன்னால் பஞ்சு பறக்கிறது. கோடெக்குக்கு அங்கே ஓய்வே இல்லை, பிட்ரேட் உச்சவரம்பிலேயே நிற்கும். ஆகவே மாற்றும்போது நிட்டிங் கோப்பு ஒன்றிரண்டு மடங்கு வளர்ந்தால், குடோன் கோப்பு பதினைந்து மடங்கு வளர்கிறது. ஒன்றுமே நடக்காத கேமராதான் அதிகம் ஊதுகிறது. இது புரியாத கஸ்டமர், "ஏதோ சேத்துட்டீங்களா?" என்று நம்மையே சந்தேகிக்கிறார். கண்டெய்னர் லோடிங் காட்சியை அமெரிக்க பையரின் ஆடிட்டுக்கு அனுப்பும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் இதே கதை. கிளையண்ட் தரும் எஃப்ஏடி32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. 8 எம்பிபிஎஸ்ஸில் எழுபது நிமிடத்துக்குள் காட்சியை வெட்டியாக வேண்டும். வெட்டியது ஏன் என்ற கேள்வி கோர்ட்டில் வரும்.

ஓடவில்லை என்றால் வழி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் ஸ்ட்ரீம் காப்பி போட்டு உறையை மட்டும் மாற்றலாம். படம் அப்படியே இருக்கும், கோப்பும் ஏறக்குறைய அதே அளவு. ஹாஷ் அப்போதும் மாறும் என்பதால் அதைப் 'பார்வைப் பிரதி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். டிரான்ஸ்கோட் செய்தால் ஃபிரேம் வாரியான நேரக் குறிப்பும் வாட்டர்மார்க்கும் போய்விடும். திரையில் பொறித்த கடிகாரம் மட்டும்தான் மிஞ்சும்.

இனி அந்தப் படிவம். சட்டத்தின் அட்டவணையில் உள்ள சான்றிதழில் டிவிஆர் என்ற பெயர் அச்சிலேயே இருக்கிறது. மேக், மாடல், சீரியல் நம்பர் கேட்கிறார்கள், சரி. கருவியின் நிறம் கேட்கிறார்கள்! எஸ்ஹெச்ஏ1, எஸ்ஹெச்ஏ256, எம்டி5 என்று டிக் அடிக்கக் கட்டம் இருக்கிறது. கோடெக் என்ன, ஃபிரேம் ரேட் என்ன, மூலமா மாற்றியதா என்று தனியாக ஒரு வரி கிடையாது. மாற்றிய கோப்புக்கும் ஹாஷ் கச்சிதமாகத்தான் வரும். அந்தக் கணத்துக்குப் பின் யாரும் கை வைக்கவில்லை என்று அது சொல்லும். அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி அதற்கு வாயே இல்லை.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டையில் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே கேமராப் பதிவில்தான் பார்த்தது. நாம் வாட்ஸ்அப்பில் பார்த்தது பல தடவை மறுசுருக்கம் ஆன பிரதி. கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமராக் காட்சி முக்கியச் சான்று. உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் வந்து பார்த்துவிட்டு, 2023 ஜூன் 2-ல் முக்கியக் குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். நீதிமன்றம் அவ்வளவு மெனக்கெடுகிறது. படிவம் எழுதியவர்கள் ஒரு கேமரா டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

சான்றிதழின் பி பகுதிக்கு வருவோம். அதில் 'நிபுணர்' கையெழுத்திட வேண்டும். 63-ஆம் பிரிவு நிபுணர் யாரென்று சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ-ன்படி அறிவிக்கப்பட்ட ஆய்வகமா, கணினி படித்தவர் யாராவது போதுமா என்ற வாதம் ஓயவில்லை. அது ஓயும்வரை ஸ்டேஷனுக்குக் கைக்கெட்டிய நிபுணர், ஏணியோடு பைக்கில் வந்த நம் பையன்தான். டெண்டரில் அவன் ஸ்கில்டு லேபர் கூட இல்லை. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்'. ஹார்ட் டிஸ்க் போனால் திட்டு அவனுக்கு. கோர்ட்டில் குறுக்கு விசாரணை என்றதும் திடீரென்று நிபுணர்! சம்மன் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஒருவர் மாற்றிய ஏவிஐக்கு, அது மாறியதே தெரியாமல், இன்னொரு டெக்னீஷியன் பி பகுதியில் கையெழுத்திட்டால் மாட்டுவது யார்? பயிற்சி கிடையாது, கட்டணம் கிடையாது, எந்த வடிவத்தில் தர வேண்டும் என்ற ஒரு பக்கச் சுற்றறிக்கைகூட நம் கண்ணில் பட்டதில்லை. 'டிவிடியில் போட்டுக் கொடு' என்ற வாய்மொழி உத்தரவு மட்டும் தவறாமல் வருகிறது.

ஆகவே, ஏ பகுதியை டிவிஆருக்குப் பொறுப்பான கம்பெனி ஆள் போடட்டும். எக்ஸ்போர்ட் செய்த மூலக் கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை அவர் முன்னாலேயே எடுங்கள். படிவத்தில் தனிக் கட்டம் இல்லாவிட்டாலும் கோடெக், ஃபிரேம் ரேட், பிளேயரின் பெயர் மூன்றையும் தனித் தாளில் எழுதி இணையுங்கள். மாற்றித் தரச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். பி பகுதியை நீட்டினால், எந்தத் தகுதியில் கேட்கிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகு பேனாவை எடுங்கள். எக்ஸ்போர்ட்டுக்கும் ஹாஷுக்கும் சர்வீஸ் சார்ஜோடு சேர்க்காமல் தனி பில் போடுங்கள்.